பங்கு பிரிக்கப்படாத நினைவு
ஏ. சிவானந்தனைப் புத்தளக் கரையிலிருந்து வாசித்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



தற்காலப் பிரித்தானிய நாவலாசிரியர் ஒருவரின் வாழ்வையும் எழுத்தையும் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். யாரை எடுப்பது என்பதை என்னிடமே விட்டார்கள். இந்தப் புத்தளம் மாவட்டத்தின் வட எல்லையைத் தாண்டினால் மரிச்சுக்கட்டி. அங்கே 1906இல் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வந்த இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப், ஊர் திரும்பி 1913இல் இலங்கைக் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதினார். நம் காலத்தில் ரொமேஷ் குணசேகர இருக்கிறார். அவருடைய ‘ரீஃப்’ 1994இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. முருகைக்கற்பாறைகளைப் பற்றிய அக்கறை ஓடும் அந்த நாவலைக் கற்பிட்டிக் கடலில் தொழில் செய்கிறவர்கள் நம்மைவிட நன்றாக விளங்கிக்கொள்வார்கள். இவர்களில் எவரையும் எடுத்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டவர் புனைவில் ஒரேயொரு நாவலும் ஒரு சிறுகதைத் தொகுதியும் மட்டும் எழுதிய அம்பலவாணர் சிவானந்தன். 1997இல் லண்டனில் ஆர்க்கேடியா பதிப்பகம் வெளியிட்ட ‘வென் மெமரி டைஸ்’ (நினைவு இறக்கும்போது) என்ற அந்த நாவலைப் புத்தளத்தில் வாசிப்பது வேறு, யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ வாசிப்பது வேறு என்று நான் நம்புகிறேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் நினைவு மங்கிச் சாவதற்கு வெகுகாலம் முன்பே அது பங்கு பிரிக்கப்பட்டுவிடுகிறது. இது என் பங்கு, அது உன் பங்கு என்று வேலி போட்டுக்கொண்ட பிறகு ஒவ்வொருவர் கையிலும் இருப்பது துண்டுக் கதைதான். சிவானந்தன் தன் வாழ்நாள் முழுவதும் அந்தப் பங்குப் பிரிப்பை மறுத்தார். அவருடைய நூலக வேலையும் கட்டுரைகளும் நாவலும் அந்த மறுப்பின் மூன்று வடிவங்கள். அந்த மறுப்பை இந்தக் கரையில் நாம் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதே இன்றைய பேச்சு.

1

சிவானந்தன் 1923 டிசம்பர் 20ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். குடும்பத்தின் ஊர் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். குத்தகை நிலத்தில் பயிர் செய்த ஒரு விவசாயியின் மகனான அவருடைய தந்தை அஞ்சல் சேவையில் சேர்ந்து தபாலதிபரானார். அரசாங்க உத்தியோகம் என்ற ஒரே ஏணியில் ஏறி வந்த வடபகுதிக் குடும்பங்களின் கதை இதுதான். மண் வறண்டது, படிப்பு ஒன்றே விளைச்சல். மகனைக் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் படிக்க வைத்தார்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து 1945இல் பட்டம் பெற்றார். மலையகத்தில் ஆசிரியராக இருந்தார். பின்பு இலங்கை வங்கியில் அதிகாரியானார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளையிடம் எதிர்பார்க்கக்கூடிய எல்லாம் கைகூடிவிட்டன.

1958 மே மாதம் வந்தது. சிங்களம் மட்டும் சட்டம் வந்து இரண்டு வருடத்தில் வெடித்த அந்த வன்முறையை இந்த அவையிலுள்ள மூத்தவர்கள் பெற்றோர் வாயால் கேட்டிருப்பீர்கள். சிவானந்தன் நாட்டை விட்டுப் புறப்பட்டார். லண்டனில் போய் இறங்கியது நொட்டிங் ஹில் பகுதியில். அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் அங்கே வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரிபியன் மக்களின் வீடுகளைத் தாக்கத் தொடங்கின. சில மாத இடைவெளியில் இரண்டு நாடுகளில் இரண்டு இனக்கலவரங்கள். அந்த இரண்டும் சேர்ந்துதான் தன்னை உருவாக்கின என்று அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று. முதல் கலவரத்தில் அடிபட்டவர் தமிழர் என்பதற்காக, இரண்டாவதில் கரிபியன் கறுப்பு மக்கள் பட்ட அடியை அவர் வேறு யாருடையதோ என்று ஒதுக்கவில்லை. அப்படி ஒதுக்கிக்கொண்டு, நன்றாகச் சம்பாதித்து, புறநகரில் வீடு வாங்கி வாழ்ந்த கல்விமான்கள் அவருடைய தலைமுறையில் எத்தனையோ பேர். அவர் எடுத்த திசை வேறு.

2

லண்டனில் வங்கி உத்தியோகம் கிடைக்கவில்லை. பொருளியல் பட்டதாரியான வங்கி அதிகாரி, மிடில்செக்ஸ் நூலகம் ஒன்றில் தேநீர் போட்டுக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்தபடியே நூலகத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். 1964இல் இன உறவுகள் நிறுவனத்தின் தலைமை நூலகரானார். இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். சிவானந்தனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போராளியைப் பார்க்கிறார்கள், நாவலாசிரியரைப் பார்க்கிறார்கள். நூலகரை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அவர் முதலில் நூலகர்.

அந்த நிறுவனம் சாதாரண இடமன்று. 1958இல் தனி நிறுவனமாக உருவான அதன் ஆட்சிக்குழுவில் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வணிக நலன் கொண்ட பெரிய மனிதர்கள் இருந்தார்கள். குடியேறிகளைப் பற்றி அவர்கள் ஆய்வு செய்வித்தார்கள். அந்த ஆய்வை அரசாங்கம் வாசித்தது. ஆய்வுக்கு உள்ளான மக்கள் அந்தக் கட்டடத்துக்குள் காலடி வைத்ததில்லை. சிவானந்தன் நூலகத்தின் கதவை அவர்களுக்குத் திறந்தார். தொழிற்சாலை வாசலில் கையில் திணிக்கப்படும் துண்டுப்பிரசுரம், ரோனியோவில் உருட்டி எடுத்த மாத இதழ், வேலைநிறுத்தக் கூட்டத்தின் அறிவித்தல், வீட்டு வாடகைப் போராட்டத்தின் சுவரொட்டி என்று எந்தப் பெரிய நூலகமும் குப்பை என்று எண்ணக்கூடியவற்றை எல்லாம் எடுத்து, நாள் குறித்து, வகைப்படுத்தி அடுக்கினார். பிரித்தானியாவில் ஆசிய, ஆபிரிக்க, கரிபியன் மக்களின் போராட்ட வரலாற்றை எழுத இன்று முனைகிறவர்கள் அந்தத் தொகுப்பிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

1972இல் ஆட்சிக்குழுவுக்கும் ஊழியருக்கும் இடையில் மோதல் முற்றியது. உறுப்பினர் கூட்டம் ஊழியர் பக்கம் வாக்களித்தது. பெரிய மனிதர்கள் வெளியேறினார்கள். அவர்களோடு பணமும் வெளியேறியது. ஜெர்மின் வீதியின் வசதியான கட்டடத்தை விட்டுப் பென்டன்வில் வீதிக்கு நூலகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1973இல் சிவானந்தன் இயக்குநர். 1974இல் நிறுவனத்தின் சஞ்சிகை ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ என்ற புதிய பெயரில் வெளிவந்தது. அதைப் பல பத்தாண்டுகள் அவர் நடத்தினார்.

அந்தச் சஞ்சிகையில் 1981இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் நடந்த போராட்டங்களின் வரலாறு. பஞ்சாபித் தொழிலாளர்களின் இந்தியத் தொழிலாளர் சங்கம், லெஸ்டர் நகரில் 1974இல் இம்பீரியல் டைப்ரைட்டர்ஸ் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம், குஜராத்திப் பெண்கள் முன்னின்ற 1976ஆம் ஆண்டின் கிரன்விக் போராட்டம், கரிபியன் இளைஞர்கள் பொலிசாரோடு மோதிய நிகழ்வுகள் எல்லாவற்றையும் ஒரே கதையாகச் சொன்னார். அதற்கு முன் ஒவ்வொரு சமூகமும் தன் போராட்டத்தைத் தன்னுடையது என்று மட்டும் அறிந்திருந்தது. பஞ்சாபிக்குக் கரிபியனின் கதை தெரியாது, கரிபியனுக்குக் குஜராத்தியின் கதை தெரியாது. ஒரே அலமாரியில் அடுக்கிய தாள்கள் ஒரே வரலாறாக மாறின. நாவலாசிரியர் இந்த அலமாரியிலிருந்துதான் பிறந்தார்.

3

நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது 73. அறுபதைக் கடந்தபின் முதல் நாவல் எழுதுகிறவர்களுக்குக் கொடுக்கும் சஜிட்டேரியஸ் பரிசும், ஐரோப்பிய ஆசியப் பிராந்தியத்துக்கான பொதுநலவாய எழுத்தாளர் முதல் நூல் பரிசும் 1998இல் அதற்குக் கிடைத்தன. 2000இல் சிறுகதைத் தொகுதி வந்தது. 2018 ஜனவரி 3ஆம் திகதி, 94 வயதில் காலமானார்.

நாவல் மூன்று பாகம், மூன்று தலைமுறை. முதற்பாகம் சகாதேவனுடையது. வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த இளைஞன், 1920களின் தொழிற்சங்கக் கொழும்பில் கண் திறக்கிறான். ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை 1922இல் தொடங்கியிருந்த காலம். வேலைநிறுத்தங்கள் அடுத்தடுத்து வந்த காலம். சகாதேவனுக்கு அரசியலில் தகப்பனைப்போல அமைகிறவர் எஸ். டபிள்யூ. என்று எல்லாரும் அழைக்கும் ஒரு சிங்களத் தொழிலாளி. இரண்டாம் பாகம் சகாதேவனின் மகன் ராஜனுடையது. அரிசி விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதற்கு எதிராக 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே எழுந்த ஹர்த்தால் அந்தத் தலைமுறையின் உச்சம். ராஜன் மணப்பது லாலி என்ற சிங்களப் பெண்ணை. 1958 வன்முறையில் லாலி பலியாகிறாள். அவளைத் தமிழச்சி என்று எண்ணிக் கொல்கிறவர்கள் அவளுடைய இனத்தவரே. மூன்றாம் பாகம் விஜய்யுடையது. லாலியின் முதல் மணத்தில் பிறந்த பிள்ளை, பிறப்பால் சிங்களவன், வளர்ப்பால் ராஜனின் மகன். 1971 கிளர்ச்சியின் வெப்பம் பட்டவன். பின்பு யாழ்ப்பாணம் போகிறான். கடைசியில் அவனைச் சுடுவது ஒரு தமிழ்ப் போராளியின் துப்பாக்கி.

இந்தக் கதையமைப்பை உற்றுப் பாருங்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையில் மூன்றாம் தலைமுறை வாரிசு சிங்கள இரத்தம். சகாதேவன் குடும்பத்தின் நினைவு அவனிடம்தான் போய்ச் சேருகிறது. எஸ். டபிள்யூ. சொன்ன வேலைநிறுத்தக் கதைகளுக்கும் வடக்கு ஊரின் கதைகளுக்கும் ஒருசேர உரிமையுள்ள ஒரே மனிதன் அவன். அவனைச் சுடும்போது இரண்டு பக்க நினைவும் ஒரே உடலில் விழுகிறது. இனப்போரைப் பற்றி எழுதிய பலர் அழிவைக் காட்டியிருக்கிறார்கள். எது அழிந்தது என்பதை இவ்வளவு துல்லியமாக ஒரு பாத்திரத்தின் பிறப்பிலேயே வைத்துக் காட்டியவர் வேறு எவரும் என் வாசிப்பில் இல்லை.

உடப்புக் கடற்கரையிலிருந்து வந்தவர்களுக்கு இதைக் கரைவலையை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும் கரையில் இரண்டு கூட்டம் நிற்கும். ஒரு கூட்டத்துக்கும் மற்றதுக்கும் இடையில் கூப்பிட்டால் கேட்காத தூரம். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். அம்பா பாடி இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் மணலில் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கி வரும். மடி கரையேறும்போது இரண்டு கூட்டமும் தோளோடு தோள். ஒரு பக்கம் மட்டும் வேகமாக இழுத்தால் வலை கோணி, மீன் வெளியேறிவிடும். சிவானந்தனின் நாவல் அப்படி இரண்டு கயிற்றில் இழுக்கப்பட்டது. சகாதேவனும் எஸ். டபிள்யூ.வும் தொடங்கிய இடங்கள் அவ்வளவு தூரம். 1958க்குப் பிறகு ஒரு கயிறு அறுந்த கதையைத்தான் மூன்றாம் பாகம் சொல்கிறது.

நாவலில் எனக்கு மனக்குறைகளும் உண்டு. சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதை விட்டுவிட்டுக் கட்டுரையாசிரியர் பேசத் தொடங்கிவிடுகிறார். அரசியல் விளக்கம் நீளும்போது சமையலறையும் முற்றமும் மங்கிப்போகின்றன. முதற்பாகத்தின் கொழும்பு உயிரோடு இருக்கும் அளவுக்கு மூன்றாம் பாகத்தின் யாழ்ப்பாணம் இல்லை. 1958இல் ஊரை விட்டுப்போனவர் 1980களின் ஊரை எழுதும்போது நேரும் இடைவெளி அது. ஆனாலும் கதையின் எலும்புக்கூடு அசையவில்லை.

4

ஆங்கிலத்தில் எழுதியவரைத் தமிழர் தம்முடையவர் என்று கொள்ளலாமா என்ற கேள்வி எழும். அதை நீட்ட வேண்டியதில்லை. இந்த மண்ணே பதில் சொல்லிவிட்டது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இளம் வயதிலேயே புத்தளத்தில் மணியகாரராகி, பிற்காலத்தில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்து, 1860இல் மறைந்தார். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் தொகுத்து 1834இல் வெளியிட்டார். 1859இல் அவர் வெளியிட்ட ‘தமிழ் புளூராக்’, ஏறக்குறைய இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த முன்னோடி நூல். அது ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. அதன் துணையில்லாமல் பின்வந்த தமிழிலக்கிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்க முடியாது. தமிழர், சோனகர், முக்குவர் என்று இந்தக் கரையில் கலந்து வாழ்ந்த குடிகளைப் பற்றி எழுதிவைத்தவரும் அவரே. நினைவைத் தொகுப்பவன் எந்த மொழியில் தொகுத்தான் என்பதைவிட யாரையெல்லாம் சேர்த்தான் என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

5

இனி நம் கரைக்கு வருகிறேன். நினைவு இறப்பதற்குத் துப்பாக்கி வேண்டியதில்லை என்பதற்கு இந்த மாவட்டத்தின் தெற்குப் பகுதியே சாட்சி. சிலாபத்திலிருந்து மாரவில, வென்னப்புவ வழியாக நீர்கொழும்பு வரை செல்லும் கத்தோலிக்கக் கடற்றொழில் ஊர்களில் சில தலைமுறைகளுக்கு முன் பல வீடுகளின் மொழி தமிழ். பங்குக் கோயிலோடு சேர்ந்த பாடசாலையில் தமிழ் கற்பித்தார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிலாபம் மறைமாவட்டத்தில் ஆயர் எட்மண்ட் பீரிஸ் இருந்த காலத்தில், பாடசாலைகளின் மொழி சிங்களமாகியது. 1956க்குப் பின் அரசாங்க வேலையின் மொழியும் அதுவே ஆயிற்று. தகப்பன்மார் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு தலைமுறை இரண்டு மொழி பேசியது, அடுத்தது ஒன்றோடு நின்றது.

அந்த ஊர்களின் சேமக்காலைகளில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பெர்னாண்டோ என்ற ஒரே குடும்பப் பெயர். பாட்டனாரின் கல்லில் தமிழ் எழுத்து, பேரனின் கல்லில் சிங்கள எழுத்து. இரண்டு கல்லும் ஒரே வரிசையில் கிடக்கின்றன. வயதான பெண்கள் சிலர் செபமாலையை இன்னும் தமிழில் சொல்கிறார்கள். அதைக் கேட்டு வளரும் பேரப்பிள்ளைக்கு அது இறைவனோடு மட்டும் பேசும் மொழி என்ற எண்ணம்.

இதைக் கேட்டுத் தமிழர்களாகிய நாம் செய்யக்கூடிய பிழையான காரியம், இத்தனை தலை நமக்குக் குறைந்துவிட்டது என்று கணக்குப் பார்ப்பது. அந்த மக்கள் இன்று சிங்களவர். அப்படி வாழ அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அவர்களை மீட்டெடுக்க வேண்டும் என்று பேசுவது அதே பங்குப் பிரிப்பின் இன்னொரு வடிவம். இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. விஜய்யைப் போல இரண்டு கதைக்கும் உரிமையுள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே இருந்தன. அந்த இரட்டை உரிமைதான் தீவில் 1956க்குப் பிறகு மிக அவசியமாக இருந்தது. அதைத்தான் இழந்தோம். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் சனத்தைப் பார்த்தால் அந்த உரிமையின் மிச்சம் இன்னும் தெரியும். ஒரே மணலில் ஒரே கூடாரத்தில் தமிழிலும் சிங்களத்திலும் சமையல் நடக்கிறது. முன்னேஸ்வரத்துக்கும் அப்படியே எல்லாரும் வருகிறார்கள். வழிபாட்டிடங்கள் காத்து வைத்ததைப் பாடசாலைகளால் காக்க முடியவில்லை.

6

அடுத்து நான் பேசப்போவது நாவலில் இல்லாத பக்கம். இதைச் சொல்லாமல் புத்தளத்தில் சிவானந்தனைப் பற்றிப் பேசினால் அது அவருக்குச் செய்யும் நேர்மையாகாது.

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று பரவி, ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் முடிந்தது. யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் வீதியிலேயே வாங்கிக்கொள்ளப்பட்டன. ஏறக்குறைய 75,000 பேர் ஊரற்றவர்களானார்கள். மன்னார்த் தீவின் மக்கள் பலர் கடற்கரையில் காத்துக் கிடந்து, வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். மழைக்காலம். வந்தவர்களுக்கு முதல் சோறு சமைத்துக் கொடுத்தவர்களும் கிடுகுக் கொட்டில் போடக் காணி கொடுத்தவர்களும் இந்த மாவட்டத்தின் மக்கள். இந்த அவையில் அவர்களின் பிள்ளைகளும் வந்தவர்களின் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

பிறகு கிணற்றுத் தண்ணீருக்கும் பாடசாலை இடத்துக்கும் கூலி வேலைக்கும் போட்டி வந்தது. அகதி என்ற சொல் முகாமில் பிறந்த பிள்ளை மீதும் ஒட்டிக்கொண்டது. 2009க்குப் பின் மீளக் குடியேறப் போனவர்கள் முசலியிலும் யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலும் பாழடைந்த வீட்டையும் காடேறிய காணியையும் கண்டார்கள். வாக்காளர் இடாப்பில் இங்கேயா அங்கேயா என்ற இழுபறி வேறு. வெளியேற்றம் பற்றி ஆராய்ந்த குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. நிகழ்ந்து இருபது ஆண்டுக்கு மேல் சென்ற பிறகே சாட்சியங்களை இப்படி முறையாகத் தொகுக்க முடிந்தது.

சிவானந்தனின் நாவல் வந்தது 1997. அதன் கதை 1980களோடு நின்றுவிடுகிறது. அதன் முதன்மை மாந்தர் தமிழரும் சிங்களவரும். இந்தக் கரையில் இருக்கும் ஒரு முஸ்லிம் வாசகர், நான் எங்கே என்று கேட்டால் நாவலிடம் பதில் இல்லை. இரண்டு கயிற்றை மட்டுமே அது காட்டுகிறது. இலங்கையில் மூன்றாவதும் நான்காவதும் இருக்கின்றன. 1983 வன்முறைக்குப் பின் தன் சஞ்சிகையில் இலங்கைக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டு, 1984இலேயே இனவாதத்தின் அரசியலை ஆழமாக எழுதியவர் அவர். தொழிலாளர், அரசு, இனம் என்ற மூன்று கோணத்தில் நாட்டைப் பார்த்தவரின் பார்வையில் முஸ்லிம் மக்களின் தனி அனுபவம் நாவலாக இடம்பெறவில்லை.

ஆனாலும் அந்தப் பக்கத்தை எழுதுவதற்கான வழியை அவரே திறந்து வைத்திருக்கிறார். விஜய்யைச் சுட்டவன் தமிழன் என்று எழுதிய துணிவு அது. விடுதலையின் பெயரால் நடந்த கொலையைத் தன் பக்கத்துக் கணக்கில் எழுதிக்கொண்டவர் அவர். அந்த வழியைப் பின்பற்றினால் வடபகுதி முஸ்லிம்களின் வெளியேற்றம் முஸ்லிம்களின் துயர வரலாறு என்ற அறைக்குள் அடங்காது. அது தமிழர் பெயரால் நடந்தது. ஆகவே தமிழரின் நினைவிலும் அது இருந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்துப் பாடசாலைப் பிள்ளை 1983ஐ அறிவதைப் போல 1990ஐயும் அறிய வேண்டும். இதே மாவட்டத்தில் 1976 பெப்ரவரியில் புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிசார் சுட்டதில் தொழ வந்தவர்கள் உயிரிழந்தார்கள். அதைச் சிலாபத்துச் சிங்களப் பிள்ளையும் உடப்புத் தமிழ்ப் பிள்ளையும் தெரிந்திருக்க வேண்டும். தன் சமூகம் பட்டதை மட்டும் ஒருவன் அறிந்திருந்தால், அவன் கையிலிருப்பது நான் தொடக்கத்தில் சொன்ன துண்டுக் கதை.

7

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிவானந்தன் நாவல் எழுதுவதற்கு முன் தாள்களைச் சேர்த்தார் என்று சொன்னேன். இந்தக் கரைக்கு ஒரு நாவலாசிரியர் எப்போது வருவார் என்று நமக்குத் தெரியாது. வரும்போது அவருக்கு வேண்டியவை இருக்க வேண்டும். அதற்கான தொகுப்பகம் ஒன்றை இந்த அறக்கட்டளையும் இங்குள்ள பாடசாலைகளும் சேர்ந்து தொடங்கலாம். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஈரம் படாத ஓர் அறை, பூட்டக்கூடிய அலமாரி, படியெடுக்கும் கருவி ஒன்று போதும். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்தின் அனுபவம் நமக்கு வழிகாட்டும்.

எப்படி அடுக்குவது என்பதில் மட்டும் ஒரு நிபந்தனை. தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று அலமாரியைப் பிரிக்கக் கூடாது. ஊர் வாரியாகவும் தொழில் வாரியாகவும் அடுக்குவோம். உப்பளத் தொழிலாளரின் சம்பளப் புத்தகம், சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டக் குறிப்பு, பத்தலங்குண்டுத் தீவில் பருவ காலத்தில் வாடி அடித்தவர்களின் கணக்குக் கொப்பி, உடப்பின் அம்பாப் பாடல்களின் ஒலிப்பதிவு, கத்தோலிக்கப் பாடசாலைகளின் சம்பவத்திரட்டுப் புத்தகம், நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் காணி கொடுத்தவர்களின் கடிதங்கள். ஒரே வாடியில் இரண்டு மொழியில் பேசியவர்களின் தாள்கள் ஒரே பெட்டியில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. முதலில் முகாம்களின் தாள்களை எடுப்போம். 1990களில் கொடுத்த நிவாரண அட்டைகளும் முகாம் குடும்பப் பதிவுகளும் மலிவான தாளில் அச்சிட்டவை. களப்புக் காற்றின் உப்பில் அவை மடிப்போடு பிய்ந்து வருகின்றன. அவற்றைப் பெட்டியில் வைத்திருக்கும் தாய்மார் பலருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. ஆலங்குடா, தில்லையடி, பாலாவி, கற்பிட்டி ஆகிய இடங்களிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள், உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று அடுத்த தவணை தொடங்கும்போது கேட்டுப் பாருங்கள். மூலத்தை வாங்க வேண்டாம், படியெடுத்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்ததாக, மாரவில, வென்னப்புவப் பக்கத்தில் தமிழில் செபம் சொல்லும் மூதாட்டிமாரிடம் போக வேண்டும். அதற்குச் சிங்களம் நன்றாகத் தெரிந்த மாணவர்கள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் மேசையில் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.